மாமா வீட்டுக்குப் போற பேராண்டிக்கு

வா பேராண்டி, உக்காரு. மலேசியாவுக்குப் போறியாமே, விசாவே வேணாமாமே! டீக்கடையில நீ பாஸ்போர்ட்டத் தூக்கிக் காட்டுன தோரணையப் பாத்தா, கோலாலம்பூரையே உன் பேருக்குக் கிரயம் பண்ணிக் குடுத்துட்டாங்களோன்னு நெனச்சேன். நல்லா இருப்பா. 2023 டிசம்பர் 1-லேருந்து நம்ம நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அங்க விசா இல்லாம முப்பது நாள் தங்கலாம்கிறது நெசம். அதுக்குமேல டீக்கடையில நீ அளந்ததெல்லாம் உன் சொந்தச் சரக்கு.

மொதல்ல ஒரு வருகை அட்டை இருக்கு. எம்.டி.ஏ.சி.ன்னு சொல்றாங்க. போய் எறங்குறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள மலேசியக் குடிநுழைவுத் துறையோட தளத்துல நெரப்பணும். அதுக்குக் காசு கெடையாது. ஆனா உனக்குத்தான் காசு கட்டாம ஒரு காரியம் பண்ணுனா திருப்தி வராதே, அதனால பணம் கேக்குற ஏதாவது ஒரு போலித் தளமாத் தேடிப் போய்க் கட்டு. எவனோ ஒருத்தன் புள்ளகுட்டியோட நல்லா இருந்துட்டுப் போகட்டும். பேரு மட்டும் பாஸ்போர்ட்டுல உள்ள மாதிரி, அப்பா பேரோட சேத்து எழுது. ஊருல உன்னைக் கூப்புடுற பேரையெல்லாம் அங்க எழுதி வைக்காத.

பாஸ்போர்ட்டு ஆறு மாசமாவது செல்லணும். 'நாலு மாசம் பாக்கி இருக்கே, நான் போறது ஒரு மாசத்துக்குத்தானே'ன்னு திருச்சி விமான நிலையத்துல சட்டம் பேசிப் பாரு. கவுண்டர்ல இருக்கிற புள்ள சிரிச்ச முகத்தோட உன் பெட்டியத் திருப்பித் தள்ளும். அதுமேல கோவிச்சுக்காத. அங்க உன்னை உள்ள விடலேன்னா, திரும்பக் கூட்டியார்ற பாரம் விமானக் கம்பெனி தலையில விடியும்.

உன் பாஸ்போர்ட்டுல ஈ.சி.ஆர். இருக்குமே, வேலைக்கு வெளிநாடு போக அரசாங்க அனுமதி வாங்கணும்கிற குறிப்பு? பத்தாவது தேறாததுக்கு வாங்குன பரிசு. வேலைக்குப் போயி நம்ம சனம் ஏமாந்துடக் கூடாதுன்னு நம்ம அரசாங்கம் 18 நாட்டைப் பட்டியல் போட்டு வச்சிருக்கு, அதுல மலேசியாவும் ஒண்ணு. சுத்திப்பாக்கப் போறவனுக்கு அந்த அனுமதி வேணாம். ஆனா சுத்திப்பாக்கத்தான் போறேன்னு நம்ம ஊரு அதிகாரிகிட்டயே மொதல்ல நிரூபிக்கணும், திரும்பி வர்ற டிக்கெட்டோட. எனக்கு அந்தத் தொல்லை இல்ல அப்பு. அம்பது தாண்டுனா அத எடுத்துடுறாங்க. என் அறிவுக்குக் குடுத்த மரியாதைன்னு நெனச்சுடாத. இந்தக் கெழவன எவன் வேலைக்குக் கூப்புடப் போறான்னுதான்.

இனிமேதான் விசயமே. கோலாலம்பூர்ல எறங்கி வரிசையில நிக்கிற. 'எங்க தங்கப் போற?'ன்னு குடிநுழைவு அதிகாரி கேப்பாரு. 'மாமா வீட்டுல'ன்னு சொல்லு. 'மாமா பேரு?' 'மாமாதான்.' 'விலாசம்?' 'வந்து எறங்கிட்டுப் போன் போடச் சொன்னாரு.' நல்லாருக்கும். 'எத்தனை நாளு?' 'முப்பது.' 'கையில எவ்வளவு?' 'முந்நூறு வெள்ளி.' வெள்ளின்னா அங்க ரிங்கிட்டு. அந்த ஆளு கணக்குல புலி, நாளைக்குப் பத்து வெள்ளின்னு வகுத்துடுவாரு. மஸ்ஜித் இந்தியாப் பக்கம் அது ஒரு வேளைச் சோத்துக்கே இழுபறி. மத்த வேளைக்கு நீ எங்க வேலை பாக்கப் போறன்னு அவருக்குத் தோணுமா தோணாதா? 'என்ன பாக்கப் போற?'ன்னா பத்துமலைன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்க. ஒரு பொழுதுல ஏறி எறங்குற 272 படிக்கு ஒரு மாசம் எதுக்குன்னு அடுத்த கேள்வி வரும். மாமா வீட்ட விட்டுட்டு ரூம்பு போட்ட சீட்டைக் காட்டுவ. அத நீ வர்ற வழியிலேயே ரத்து பண்ணியிருந்தா, ஓட்டலுக்கு ஒரு போன் போட்டாக் குட்டு ஒடஞ்சிடும்.

விசா வாங்கிட்டுப் போன காலத்துல இந்தப் பஞ்சாயத்தெல்லாம் இங்கேயே முடிஞ்சிரும். இல்லேன்னு சொன்னா கட்டுன பீசோட போச்சு. இப்ப டிக்கெட்டு, ரூம்பு, புதுப் பெட்டி, நாலு சட்டைன்னு எல்லாச் செலவும் பண்ணி, கடல் தாண்டிப் போன பெறகுதான் பஞ்சாயத்தே கூடுது. தீர்ப்பு சரியில்லேன்னா அடுத்த பிளேன்ல ஊருக்கு. விசா வச்சிருக்கிறவனைவிட இல்லாதவன்தான் அதிகக் காகிதம் சுமக்கணும்கிறது என் கட்சி. திரும்புற டிக்கெட்டு, ரூம்பு சீட்டு, தங்குற நாளுக்கு ஏத்த காசு, சொந்தக்காரன் வீடுன்னா அவன் விலாசமும் போன் நம்பரும். எல்லாத்தையும் அச்சடிச்சுக் கையில வச்சுக்க. செல்லுல இருக்குன்னு சொல்லாத, உன் செல்லுல எப்பத்தான் சார்ஜு இருந்திருக்கு?

அந்தக் காலத்துல மட்டும் சும்மா விட்டுட்டாங்களா? நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறிப் போன நம்ம சனத்தைக் கேட்டிருந்தாத் தெரியும். நோய்நொடி இருக்கான்னு பாக்கப் பினாங்குக்குப் பக்கத்துல ஜெரஜாக் தீவுல ஆளுகளை ஒதுக்கி வச்சுக்கிட்டிருந்த ஊருய்யா அது.

உள்ள போயிட்டா ஆட்டம் போடாத. மச்சான் கடையில கல்லாவுல 'சும்மா ஒத்தாசைக்கு' உக்காந்தாலும் அது வேலைதான். முப்பது நாளுன்னா முப்பது நாளு. 31 நாள் உள்ள மாசத்துல போயி 'ஒரு மாசம்தானே'ன்னு இழுக்காத. தவணை தாண்டித் தங்குனா சட்டத்துல பத்தாயிரம் வெள்ளிக்குக் கொறையாத அபராதம், இல்லேன்னா அஞ்சு வருசம் வரைக்கும் செயிலு, ரெண்டுமே சேந்தும் வரலாம். அப்படியே சிங்கப்பூரையும் எட்டிப் பாத்துட்டு வரலாம்னு திட்டம் வச்சிருந்தா, அங்க நமக்கு விசா வேணும் சாமி.

டிக்கெட்டு நான் போடுறேன், இந்தப் பெட்டிய மட்டும் கொண்டுபோயி எங்க ஆளுகிட்டக் குடுத்துடுன்னு ஒரு உத்தமன் வருவான். குருவியாப் பறக்க ஆசையிருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்க. போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாயத் தூக்குங்கிறத 2023-ல எடுத்தாங்களே தவிர, நீதிபதி நெனச்சா இன்னமும் தூக்கு உண்டு. பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்கன்னு அழுறதுக்கு அங்க தனி மரியாதை ஒண்ணும் கெடையாது. இதுல மட்டும் நான் கேலி பண்ணலடா.

விசா இல்லாமப் போற இந்தச் சலுகையவும் 2026 டிசம்பர் 31 வரைக்கும்தான் நீட்டிச்சிருக்காங்க. அதனால டிக்கெட்டுப் போடுற அன்னைக்கு, மலேசியக் குடிநுழைவுத் துறை என்ன எழுதி வச்சிருக்குன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போடு. தாத்தா சொன்னாருன்னு போட்டுட்டு, அங்க கவுண்டர்ல நின்னுக்கிட்டு என் பேரச் சொல்லிராத.