சிபாரிசுக்கு ஆள் தேடிய கதை

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் எழுதுவது. இங்கு நான், அவர், பையன் மூவரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் சர்க்கரையும் இப்போது எந்த அளவில் இருக்கின்றன என்று எழுதவும்.

போன வாரம் போனில், ‘லா காலேஜுக்கு சிபாரிசுக் கடிதம் வாங்க அலையுதேன்’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள், ‘ஏளா, அமெரிக்காவிலயுமா சிபாரிசு?’ என்று சத்தம் போட்டீர்கள். அடுத்த மூச்சில் உங்களுக்குப் பழக்கமான ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வைச் சொல்லி, அவர் லெட்டர்பேடில் ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்றும் கேட்டீர்கள். அதற்குள் எனக்கு ஆபீஸ் மீட்டிங் வந்துவிட்டது. மறுபடி போன் செய்தால் குறுக்கு விசாரணை செய்வீர்கள். அதனால் எல்லாவற்றையும் எழுத்துமூலமாகவே தாக்கல் செய்கிறேன்.

நம் ஊரில் சிபாரிசுக் கடிதம் என்றால் தாளின் மேலே முத்திரை, கீழே பச்சை மசிக் கையெழுத்து, நடுவில் ‘இவரை எனக்கு நன்கு தெரியும்’ என்று ஒரு வரி. எழுதினவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது. இங்கே நிலைமை தலைகீழ். எழுதுகிறவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதில் இவர்களுக்கு அக்கறை இல்லை. என்னை அவருக்கு எவ்வளவு தெரியும் என்றுதான் துருவுகிறார்கள். பெரிய பதவிக்காரர் எழுதிய நாலு வரியைவிட, எனக்குப் பாடம் நடத்திய வாத்தியார் எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு எடை அதிகம். ஆகவே உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு வேலை இல்லை. அவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தால் பக்குவமாக மறுத்துவிடுங்கள்.

இந்த நாட்டில் வக்கீல் படிப்பு, டிகிரி முடித்தவர்களுக்குத்தான். முழுநேரமாகப் படித்தால் மூன்று வருஷம், வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படித்தால் பெரும்பாலும் நாலு. இங்கிருந்து ரயில் ஏறினால் நியூவார்க்; அங்கே இரண்டு சட்டக் கல்லூரிகள். உத்தியோகக்காரர்களுக்கு மாலை வகுப்பு என்பது இங்கே பழைய ஏற்பாடு. 1906இல் பாஸ்டனில் க்ளீசன் ஆர்ச்சர் என்ற இளம் வக்கீல் தன் வீட்டிலேயே சட்டத்துக்கு மாலை வகுப்பு தொடங்கினார். அதுதான் வளர்ந்து இன்று சஃபோக் பல்கலைக்கழகமாக நிற்கிறது. ‘பகல்ல கோர்ட்டு, பகல்லதான் காலேஜு. நான் என்ன ரெட்டைப் பிறவியா?’ என்று நீங்கள் ஒருமுறை அம்மாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. பாளையங்கோட்டைக்கு ஒரு ஆர்ச்சர் வாய்த்திருந்தால் நாற்பது வருஷம் நீங்கள் வக்கீலுக்குக் கேஸ் கட்டு சுமந்திருக்க மாட்டீர்கள். உங்கள் கட்டை வேறு யாராவது சுமந்திருப்பார்கள்.

நுழைவுத் தேர்வை எழுதி முடித்துவிட்டேன். எல்சாட் என்று பெயர். மதிப்பெண் 120இல் தொடங்கி 180இல் முடியும். பூஜ்யத்துக்கு இடமே இல்லை மாமா, ஒன்றுமே தேறாதவருக்கும் 120 உண்டு. இதைப் பையனிடம் சொன்னதிலிருந்து அவன் தன் ரிப்போர்ட் கார்டுக்கும் அதே முறை வேண்டும் என்கிறான். முன்பெல்லாம் அந்தத் தேர்வில் ஒரு புதிர்ப் பகுதி இருந்தது. இன்னார் பக்கத்தில் இன்னார் உட்காரமாட்டார், இவர் அவருக்கு முன்னால் வரக் கூடாது, அப்படியானால் ஐந்தாவது நாற்காலியில் யார் என்று கேட்பார்கள். 2024 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பேச்சுவார்த்தை இல்லாத நாலு குடும்பங்களை முகம் பார்க்காமல் உட்காரவைத்த அத்தை எழுதியிருந்தால் 180 வாங்கியிருப்பாள்.

தேர்வு என் கையில் இருந்தது, எழுதிவிட்டேன். கடிதம் அடுத்தவர் கையில் அல்லவா இருக்கிறது?

ஏற்பாடு இதுதான். பென்சில்வேனியாவில் நியூடவுன் என்ற ஊரில் ‘லா ஸ்கூல் அட்மிஷன் கவுன்சில்’ என்று ஒரு அமைப்பு. மார்க் ஷீட், தேர்வு மதிப்பெண், சிபாரிசுக் கடிதம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். அவர்கள் அதைக் கட்டாகக் கட்டி நான் மனு போடும் கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். கோர்ட்டில் உங்கள் ஃபைலிங் செக்‌ஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் போய் நிற்கத்தான் ஜன்னல் கிடையாது. கடிதம் எழுதுகிறவரின் பெயரையும் ஈமெயிலையும் நான் கொடுத்தால் அவர்கள் நேரே அவருக்கு எழுதுவார்கள். அவர் கையெழுத்துப் போட்டு நேரே அவர்களுக்கு அனுப்ப வேண்டும். என் கை நடுவில் படக் கூடாது. நான் மனு போடுகிற இடத்தில் இரண்டு கடிதம் கேட்கிறார்கள். அவற்றில் ஒன்றாவது வாத்தியாருடையதாக இருப்பது நல்லதாம். வேலைக்குப் போய் வருஷக்கணக்கானவர்கள் மேலதிகாரியிடம் வாங்கலாம் என்று ஒரு சலுகை.

எனக்கு வாத்தியார்கள் யார் மாமா? டிகிரி முடித்து பதினான்கு வருஷம் ஆகிறது. எங்கள் ஹெச்.ஓ.டி.க்கு என்னை ‘மூணாவது பெஞ்ச், ஜன்னல் பக்கம்’ என்ற அளவில்தான் தெரியும். அவரும் ரிட்டயர் ஆகிவிட்டார். அதனால் மேனேஜரிடமிருந்து தொடங்கினேன்.

முழுநேர வேலையில் இருப்பவள் மேனேஜரிடம் போய்ப் படிப்புக்குச் சிபாரிசு கேட்பதும், குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடம் போய் ‘எனக்கு வேறு வீடு பார்த்துக் கொடுங்கள்’ என்று கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மாலையில்தான் படிக்கப் போகிறேன், வேலையை விடப் போவதில்லை என்று எப்படிச் சொன்னாலும் அவர் காதில் ராஜினாமா என்றே விழும். மூன்று வெள்ளிக்கிழமை தொண்டை வரை வந்து திரும்பியது. நாலாவது வெள்ளி கேட்டுவிட்டேன். என்னைவிட ஆறு வயது சின்னவர், பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ‘ஆசம்!’ என்றார். இங்கே வீடு தீப்பிடித்தது தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் பதில். பிறகு முகத்தைச் சற்று யோசனையாக வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். ‘நீ சரியாக என்ன வேலை பார்க்கிறாய்?’

ஆறு வருஷமாக என் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் மாமா!

அடுத்து, ‘நீயே எழுதி அனுப்பு, நான் கையெழுத்துப் போடுகிறேன்’ என்றார். நம் ஊர் வாசனை அடித்தது. நன்னடத்தைச் சான்றிதழை நாமே டைப் அடித்துக்கொண்டு போய் நீட்டுவோமே, அது ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டவர் எழுதாத கடிதத்தை அனுப்பினால் இந்த அமைப்பு அதை முறைகேடு என்று விசாரிக்கும். வக்கீலாக வேண்டும் என்று போய், போகும்போதே பிரதிவாதி ஆவதா? ‘குறிப்பு மட்டும் தருகிறேன், எழுதுவது நீங்கள்’ என்று சொல்லிவிட்டேன்.

குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று புரிந்தது. நான் வேலை பார்ப்பது மருந்துக் கம்பெனியில், மாத்திரை தயாரான ஒவ்வொரு தவணைக்கும் உள்ள ஆவணங்களைச் சரிபார்க்கும் பிரிவில். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பதிவேட்டில், பொடியை எடை போட்டது பிற்பகல் 2.55 என்று இருந்தது. அந்த எடையைப் பார்த்துச் சரி என்று இரண்டாமவர் கையெழுத்துப் போட்ட நேரம் 2.40. நடக்காத வேலைக்குப் பதினைந்து நிமிஷம் முன்கூட்டியே சாட்சி! மூன்று பேர் பார்த்துத் தாண்டிய பக்கம் அது. நான் அந்தச் சரக்கை நிறுத்திவைத்தேன். எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். பத்தாம் வகுப்பு லீவில் உங்கள் திண்ணையில் உட்காரவைத்து ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் கொடுத்தீர்கள். ‘தேதியைப் பாரு மொதல்ல, சேதி அப்பொறம்’ என்றீர்கள். பத்திரம் எழுதியது மார்ச் மாதம், முத்திரைத்தாள் விற்றது ஏப்ரல் மாதம். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் பாவாடையில் தெறித்தது.

அதை அப்படியே குறிப்பில் எழுதிக் கொடுத்தேன், வெற்றிலை நீங்கலாக. மேனேஜர் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் சத்தமே இல்லை. இங்கே நினைவூட்டுவதற்கு ஒரு மொழி உண்டு. முதல் ஈமெயிலில், ‘உங்கள் வேலைப் பளு தெரியும், சும்மா ஒரு வார்த்தை’. இரண்டாவதில், ‘மென்மையான நினைவூட்டல்’. மூன்றாவதில் வானிலை, அவர் நாய்க்குட்டியின் உடல்நிலை, கடைசி வரியில் மட்டும் கடிதம். நம் ஊராக இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பேன், அவர் மனைவி காபி கொடுத்திருப்பாள், காரியம் முடிந்திருக்கும்.

இரண்டாவது கடிதத்துக்காக நான் செய்தது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வாத்தியார் இல்லை என்றால் என்ன, ஒருவரைப் புதிதாகச் சம்பாதித்துக்கொள்வோம் என்று, போன வருஷம் செப்டம்பரில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஒரு கட்டுரை எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். பதினைந்து வாரம். பக்கத்து பெஞ்சில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒருவன் என்னை டீச்சர் என்று நினைத்து லேட்டாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டான். பாடம் எடுத்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். என் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது சிவப்பு மசியில் ஒரே ஒரு வட்டம். நான் பெருமையாக எழுதியிருந்த ‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’. பக்கத்தில் மூன்று கேள்வி: யார் செய்ய வேண்டும்? எதை? எப்போதைக்குள்?

மாமா, இருபது வருஷமாக எழுதிவந்த அந்த வரிக்குள் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் இரண்டு தரப்பும் பத்து வருஷம் கோர்ட்டில் நிற்கும்.

சிபாரிசு கேட்டபோது அந்த அம்மாள் ‘ஆசம்’ சொல்லவில்லை. ‘உன் நாலாவது கட்டுரை சுமார்தான், அதையும் எழுதுவேன். சம்மதமா?’ என்றார். சம்மதம் என்றேன். ஆறே நாளில் அனுப்பிவிட்டார்.

என்ன எழுதினார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, இனியும் தெரியாது. 1974இல் இந்த நாட்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், கல்லூரியில் தன்னைப் பற்றி உள்ள கோப்பை மாணவர் பார்க்கலாம் என்று. ஆனால் சிபாரிசுப் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது: ‘பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்’. கட்டாயம் இல்லைதான். டிக் போடாவிட்டால் எழுதுகிறவர் மனம் விட்டு எழுதமாட்டார், படிக்கிறவர் நம்பமாட்டார். எனவே பெரும்பாலும் எல்லோருமே போடுகிறார்கள். சட்டம் படிக்கப் போகிறவர் சட்டம் கொடுத்த உரிமையை வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டுப் போக வேண்டும். ‘படிச்சுப் பாக்காத தாள்ல கைநாட்டுகூட வைக்காதே’ என்று சொல்லி வளர்த்த மாமாவிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் போனில் மென்று விழுங்கினேன்.

சிபாரிசு கேட்டு நிற்பது அவமானம் என்று அம்மா நினைக்கிறாளாம். அவளிடம் லிங்கன் கதையைச் சொல்லுங்கள். ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரி வாசலையே மிதிக்காமல் புத்தகம் வாங்கிப் படித்து வக்கீலானவர். அவருக்கும் சிபாரிசு வேண்டியிருந்தது. 1836 மார்ச் 24 அன்று இல்லினாய்ஸ் மாநிலத்தின் சங்கமோன் கவுண்டி கோர்ட், இவர் நன்னடத்தை உள்ளவர் என்று பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் அந்த செப்டம்பரில் அவருக்கு வக்கீல் உரிமம் கிடைத்தது. லிங்கனே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், நாம் எம்மாத்திரம்?

மேனேஜர் கடிதமும் போன வியாழக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டது. என் கணக்கில் ‘பெறப்பட்டது’ என்று காட்டுகிறது. பூனை மதிலைத் தாண்டிவிட்டது, பால் குடித்ததா என்பது தெரியாது.

இப்போது உங்கள் வேலை. என் மார்க் ஷீட்டுகள் நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து நேரே நியூடவுனுக்குப் போக வேண்டும். படிவம் இதோடு இருக்கிறது. கவுண்டரில் கட்டணம் கட்டி, கவரின் ஒட்டிய மடிப்பின் மேல் முத்திரையும் கையெழுத்தும் விழுகிறதா என்று பாருங்கள். ‘தெரிஞ்சவர்தானே’ என்று கவரை உங்கள் கையிலேயே கொடுத்தால் வாங்காதீர்கள். அவர்களே தபாலில் சேர்க்க வேண்டும். சரிபார்க்கிறேன் என்று தயவுசெய்து பிரித்துவிடாதீர்கள்.

அத்தைக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பி.கு: நீங்களும் எனக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி வைத்திருப்பதாகவும், அது ‘மேற்படி மனுதாரரை நான் குழந்தைப் பருவம் முதல் அறிவேன்’ என்று தொடங்கி நாலு பக்கம் போவதாகவும் அத்தை சொன்னாள். சொந்தக்காரர் எழுதினால் அங்கே எடுத்துக்கொள்ளமாட்டார்கள், அனுப்ப வேண்டாம். எனக்கு அனுப்புங்கள். இந்த ஒரு கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.