பொய் சொன்னாலும் நாலு டயரும் சேர்ந்து சொல்லட்டும்

பழைய கார் பிரியர்களிடம் கடவுள் உண்டா இல்லையா என்று கேட்டால்கூட சண்டை வராது. 1957 ஷெவர்லே பெல் ஏருக்கு எந்த டயர் போடலாம் என்று கேட்டுப் பாருங்கள், வந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு இரண்டு கட்சிகள். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த 7.50-14 அளவு பயாஸ் டயர்தான் வேண்டும் என்பது ஒன்று. உயிர் வெல்லக்கட்டி, ரேடியல் போடு என்பது மற்றொன்று. இரண்டு கட்சி மீதும் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு ஆகாதது மூன்றாவதாக ஒரு கூட்டணி. “பின்னாடி இருக்கிற பயாஸ் இன்னும் நல்லாத்தானே இருக்கு, முன்னாடி மட்டும் ரெண்டு ரேடியல் போட்டுக்கலாம்” என்பது அதன் கொள்கை. எல்லாக் கூட்டணியையும் போல இதுவும் நேர்ச்சாலையில் நன்றாகவே ஓடும். வளைவு வந்ததும்தான் பின்பக்கம் தனி முடிவு எடுக்கும்.

காரணம் டயரின் வயிற்றுக்குள் இருக்கிறது. பயாஸ் டயரில் (நம்மூர் டயர் கடையில் நைலான் டயர் என்றால்தான் புரியும்) இழைகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடுகின்றன. பக்கச்சுவர் வளைந்தால் பட்டனும் (அதாவது, சாலையைத் தொடும் பகுதி) கூடவே நெளியும். ரேடியலில் இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகின்றன. பட்டனுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பக்கச்சுவர் எவ்வளவு வளைந்தாலும் பட்டன் சாலையை விடாது. இப்போது முன்னால் ரேடியல், பின்னால் பயாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் சொன்னபடி கேட்கிறது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்பக்கத்தை முந்தப் பார்க்கிறது. பிரிட்டனில் சாதாரணக் காருக்கு இந்த ஏற்பாடு சட்டப்படியே குற்றம். ஒரே அச்சில் இரண்டு வகையையும் கலப்பதும் அப்படித்தான். முன்னால் பயாஸ், பின்னால் ரேடியல் என்பதை மட்டும் சட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்திருக்கிறது.

‘டயர்தானே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?’ என்பவர்கள் 1960 மாடலாக வந்த ஷெவர்லே கார்வேரை நினைத்துக்கொள்ளட்டும். எஞ்சின் பின்னால் இருந்த அந்தக் காருக்கு முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு காற்று என்று கம்பெனி சொன்னது. நாலும் ஒரே வகை டயர், வேறுபாடு காற்றில் மட்டும். விவரம் தெரியாமல் நாலிலும் சமமாக அடித்துவிட்டால் வளைவில் காரின் குணமே மாறியது. 1965-ல் ரால்ஃப் நாடர் எழுதிய புகழ்பெற்ற புத்தகம் இந்தக் காரைத்தான் முதல் அத்தியாயத்தில் கூண்டில் ஏற்றியது. வெறும் காற்றுக்கே இந்தக் கதி என்றால், சாதியே வேறான இரண்டு டயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அசல்வாதிகள் கேட்பார்கள்: “ரேடியல் போட்டால் கார் பொய்யாகிவிடாதா?” ஆகும். ஆனால் அவர்கள் போடும் டயர் மட்டும் என்ன, 1957-ல் வார்த்ததா? டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் இருக்கும் கோக்கர் டயர் கம்பெனி, ஃபயர்ஸ்டோன், பி.எஃப். குட்ரிச் போன்ற பழைய பெயர்களை உரிமத்தோடு பொறித்துப் புதிதாக வார்த்துத் தருகிறது. பயாஸ் முகத்தோடு ரேடியலும் அங்கேயே கிடைக்கும். பழமையும் புதுசாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பழைய டயர்களின் அந்த வெள்ளைப் பக்கச்சுவரும் அலங்காரமே. ரப்பரில் கரித்தூள் கலப்பது உழைப்பதற்காக, வெள்ளைப் பட்டையை விட்டுவைப்பது ஊர் பார்ப்பதற்காக. புது டயர் வரும்போது அந்த வெள்ளை மேல் நீலப்பூச்சு வேறு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகுதான் பழைய காலம் வெளியே தெரியும். இன்னொன்று, மிஷெலின் ரேடியலுக்குக் காப்புரிமை கேட்டது 1946-ல், விற்கத் தொடங்கியது 1949-ல். பெல் ஏரைவிட ரேடியல் மூத்தது. அமெரிக்கக் கம்பெனிகள்தான் எழுபதுகள் வரை அதைப் பெரிதாக வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

அசல்வாதிகள் சொல்வதில் நியாயமும் உண்டு. அந்தக் கால ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங்கும் பயாஸை நம்பி அமைத்தவை. சில பழைய ரிம்கள் ரேடியலின் இழுப்பு தாங்காமல் விரிசல் விடும், வீல் கப் கழன்று தனியாக உருண்டு போகும். ரேடியலின் பக்கச்சுவர் அடியில் எப்போதும் சற்றுப் பிதுங்கி, காற்று இறங்கியதுபோல் நிற்பதும் கண்ணை உறுத்தும். கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் கார் என்றால் நாலும் பயாஸாகவே இருக்கட்டும். ராத்திரி நின்ற இடத்தில் தட்டையாகி, காலையில் கொஞ்ச தூரம் தடதடக்கும். அதையும் பழமையின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிற கார் என்றால், ரிம்மைச் சோதித்துவிட்டு நாலும் ரேடியல். என் தீர்ப்பு இவ்வளவுதான்.

பணம் இல்லை, இப்போதைக்கு இரண்டுதான் முடியும் என்பவர் காரை இன்னும் சில மாதம் ஷெட்டிலேயே நிறுத்தி வைக்கலாம். பல வருடம் நின்ற கார் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. அதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள அளவைப் படியுங்கள். நடுவில் R இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் பயாஸ். டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கம் பிறந்த தேதி. 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டுச் சரக்கு, பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். நாலையும் பார்த்த பிறகு டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். நடுவழியில் பஞ்சரானால், கூட்டணியைக் கொண்டுவந்து சேர்ப்பது அதுதான்.