பெரியம்மாவின் ஊக்கு: மலைவழிப் பயன்பாடு குறித்து ஒரு கள ஆய்வு

காட்டில் மாட்டிக்கொண்டவன் பிழைத்து வர என்ன வேண்டும் என்று கேட்டால் கத்தி, கயிறு, தீப்பெட்டி, விசில் என்று அடுக்குவார்கள். அப்படி அடுக்கியவர்களில் ஒருவர்கூட என் பெரியம்மாவோடு வெளியூர் போனதில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக் கருவி, தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கு. பெரியதில் சிறியவற்றைக் கோத்துக் கொத்தாகக் கடையில் விற்பார்களே, அதேதான். பெரியம்மா கொடியில் அன்று ஐந்து தொங்கின. வளையலில் மேலும் இரண்டு. அவை கையிருப்பில் சேராதாம். 'அது அவசரத்துக்கு' என்றார். அப்படியானால் தாலிக்கொடியில் இருப்பவை எதற்கு என்ற கேள்வியை எதிர்கால ஆய்வாளர்களுக்கு விடுகிறேன்.

முன்னோடிகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் ஆய்வுக் கட்டுரை ஆகாது. நியூயார்க்கின் வால்டர் ஹண்ட் ஒரே கம்பியைச் சுருட்டி, ஒரு முனையில் சுருள்வில்லும் மறுமுனையில் கூர்நுனியை மறைக்கும் கொக்கியும் வைத்து, 1849 ஏப்ரல் 10இல் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். 15 டாலர் கடனை அடைக்கத்தான் இதைச் செய்தார் என்பார்கள். நம் பக்கத்து முன்னோடி, கதைப்படி பட்டினத்தாரைத் துறவியாக்கிய காதற்ற ஊசி. ஊக்குக்குப் பிறவியிலேயே காது கிடையாது. ஆனாலும் அதைப் பார்த்து யாரும் துறவு பூண்டதாகத் தகவல் இல்லை. பாவாடைக்கு நாடா கோக்க எடுத்துப் போய்விடுகிறார்கள்.

களம், கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். ஊசி குறித்த ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான சாலை தமிழ்நாட்டில் இல்லை. ஒப்பீட்டுக் கருவியாகத் தம்பியின் மடக்குக் கத்தி. கத்தரிக்கோல், ரம்பம், திருப்புளி உட்பட அதில் பதினொரு அலகுகள். 1897இல் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழித்தோன்றல் அது என்று வளைவுக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பாதியில் என் ரப்பர் செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டது. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் அடியில் இருக்கும் குமிழ், தேய்ந்து அகன்ற ஓட்டை வழியாக மேலே வந்துவிட்டது. தம்பி பையைத் துழாவினான். கத்தி காரில் இருந்தது. கார் மேலே இருந்தது. பதினொரு அலகுகளின் மொத்தப் பயனும் அந்தக் கணத்தில் பூஜ்ஜியம் என்று குறித்துக்கொண்டேன்.

பெரியம்மா பேசவில்லை. கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றி, குமிழைக் கீழே தள்ளி, குமிழுக்கும் அட்டைக்கும் நடுவில் வாரின் தண்டில் ஊக்கைக் குறுக்கே குத்திப் பூட்டினார். இனி வார் மேலே வர வேண்டுமென்றால் ஊக்கும் சேர்ந்து ஓட்டை வழியாக வர வேண்டும், வராது. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடம் படித்த எனக்கு இதில் சேர்க்க ஒன்றுமில்லை.

அடுத்து, முள். குதிகாலில் ஏறியது. ஊக்கின் நுனியைத் தீக்குச்சியில் காட்டி, தோலை லேசாகக் கீறி, முள்ளின் தலையைத் தூக்கிவிட்டார். 'அழாத சாமி' என்றார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. அழவில்லை என்பது பதிவாக வேண்டும்.

தோல்வியையும் சொல்வதுதான் ஆய்வு நேர்மை. மேலே ஏறி வந்து வாங்கிய அன்னாசியை ஊக்கால் அறுக்க முடியவில்லை. விற்ற அம்மாதான் அரிவாளால் அறுத்துத் தந்தார். ஆனால் மிளகாய்த்தூள் தூவிய துண்டுகளைக் குத்தித் தின்ன அதுவே உதவியது. முள் எடுத்த அதே ஊக்கா என்று நான் கேட்கவில்லை. சில தரவுகளைத் திரட்டாமல் விடுவது உடலுக்கு நல்லது.

கத்தியை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பை வேண்டும், பைக்குத் தோள் வேண்டும், தோளுக்குரியவனுக்கு ஞாபகம் வேண்டும். ஊக்கோ கழுத்திலேயே இருக்கிறது. எடுத்து வர யாரும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

சாயங்காலம் அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து திரும்பும்போது இன்னொரு செருப்பும் பிடுங்கிக்கொண்டது. கை நீட்டினேன்.

'விளக்கு வச்சாச்சு கண்ணு. இனி ஊசி தரக் கூடாது.'

'இது ஊசி இல்ல பெரியம்மா, ஊக்கு.'

'இரும்புதான?'

எதிர்வாதம் கிடைக்காமல் ஒற்றைக் காலில் நின்றேன். பெரியம்மா கொடியிலிருந்து ஒன்றைக் கழற்றினார். பக்கத்துப் பாறையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

'நான் தரல. அங்க கெடந்துச்சு, நீ எடுத்துக்கிட்ட.'