பீன்ஸ் மேல் என்ன கோபம்?

டெக்சாஸில் அரசியல்வாதியைத் திட்டலாம், மழை பெய்யாததற்குக் கடவுளையே திட்டலாம். சில்லியில் பீன்ஸ் (ராஜ்மா மாதிரியான பயறு) போட்டுவிட்டு மட்டும் தப்பிக்க முடியாது. மாட்டிறைச்சித் துண்டுகளோடு வற்றல் மிளகாய், சீரகம், பூண்டு சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடும் அந்தக் குழம்பை 1977-இல் மாநில உணவாகவே அறிவித்துவிட்டார்கள். டெர்லிங்குவா என்ற பாலைவன ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் சமையல் போட்டியில் பீன்ஸ் போட்ட சட்டிக்கு இடமில்லை. கேட்டால் மரபு, மானம் என்கிறார்கள். எனக்கென்னவோ இதில் மரபும் தெரியவில்லை, மானமும் தெரியவில்லை. குழம்பு தண்ணியாகப் போய்விட்டால் எதைப் போட்டுக் கெட்டியாக்குவது என்ற அடுப்படிச் சிக்கலுக்குக் கொள்கைச் சாயம் பூசி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரின் முதல் போட்டியே இதற்குச் சாட்சி. 1967-இல் டெக்சாஸ் பத்திரிகையாளர் விக் ஃபவுலரும் நியூயார்க்கிலிருந்து வந்த நகைச்சுவை எழுத்தாளர் எச். ஆலன் ஸ்மித்தும் கரண்டி பிடித்தார்கள். ஸ்மித் பீன்ஸ் கட்சி. நடுவர்கள் மூன்று பேரில் இருவர் ஆளுக்கொரு பக்கம் ஓட்டுப் போட, மூன்றாமவர் நாக்கு மரத்துவிட்டது என்று கையை விரித்தார்; போட்டி சமனில் முடிந்தது. (இவ்வளவு நேர்மையான நடுவர் வேறெந்தப் போட்டிக்கும் வாய்க்கவில்லை.) பீன்ஸே ஆகாத ஃபவுலரின் பெயரில் கடையில் விற்கும் சில்லி மசாலாப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே மாசா மாவுக்கென்று ஒரு தனிப் பொட்டலம்! சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்த மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் மாவு அது. அதைக் கரைத்து ஊற்றினால் பாரம்பரியமாம், ஒரு கைப்பிடி பீன்ஸை மசித்துச் சேர்த்தால் துரோகமாம். சட்டிக்குள் இரண்டும் பார்க்கும் வேலை ஒன்றுதான்: மாவுச்சத்து சூட்டில் நீரை இழுத்து உப்பி, குழம்பை ஓடவிடாமல் பிடித்துவைக்கிறது.

இரண்டுமே இல்லாமல் கெட்டியாகாதா என்றால், ஆகும். மாட்டின் தோள்பட்டைக் கறியில் சவ்வு நிறைய உண்டு. சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு வழவழப்பைக் கொடுக்கும். மிளகாயையும் தூளாகப் போடாமல், ஆஞ்சோ போன்ற சதைப்பற்றுள்ள வற்றலை வெந்நீரில் ஊறவைத்து விழுதாக அரைத்து ஊற்றினால் அந்த விழுதே பாதிக் கெட்டி. மிச்சத்தை மூடாத சட்டி பார்த்துக்கொள்ளும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது ஒரு நொடி நின்று பிறகு மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் பதம். நல்ல சில்லிக்கு வெளியாள் தயவு தேவையில்லை என்பது என் கட்சி.

மாசா கெட்டியாக்க மட்டுமா, மணத்துக்கும்தானே என்று டெக்சாஸ்காரர் மடக்குவார். உண்மைதான், சுட்ட சோள ரொட்டியின் வாசம் அதில் வரும். அப்படியானால் அதை மசாலாக் கணக்கில் சேர்த்து, இரண்டு ஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஊற்றட்டும், யார் தடுத்தது? மூன்று மணி நேரம் அடுப்படியில் நிற்க யாருக்கு முடியும் என்ற கேள்விதான் கனமானது. கொழுப்பில்லாத கொத்துக்கறியை வாங்கி அரை மணியில் இறக்குகிறவருக்குச் சவ்வும் கிடையாது, சுண்ட நேரமும் கிடையாது. அவருக்கு என் யோசனை ஏற்கெனவே வெந்த பீன்ஸ்தான். விலையும் மலிவு, வயிறும் நிறையும். வெள்ளைக் கார்ன்ஃப்ளாரைக் கரைத்து ஊற்றும் ஆசை மட்டும் வேண்டாம். ரசத்தில் அரிசி மாவைக் கரைத்துவிட்டு சாம்பார் என்று பரிமாறுகிற கதையாகிவிடும். கொழகொழவென்று பளபளக்கும், அதிக நேரம் கொதித்தால் மறுபடி நீர்த்தும் போகும். பீன்ஸ் கொதிக்கும் நேரத்தில் டெக்சாஸ்காரர் யாராவது எட்டிப் பார்த்தால் சட்டியை மூடிவிடலாம். குழம்பு கெட்டியாகச் சற்று நேரம் கூடப் பிடிக்கும், சண்டையைவிட அது மேல்.