சாரன் மறைக்கும், வார் சொல்லிப்போடும்

மருமகன், தராசுல ஏறிப் பார்த்துட்டு '70 கிலோ, நோமல்' எண்டு சந்தையெல்லாம் சொல்லித் திரியுறீங்களாம். நல்லம். நானும் 70தான். வட்டையில சூடடிச்ச காலத்துலயும் 70, இப்பவும் 70. அப்ப நெல்லு மூட்டைய ஒத்தையா லொறியில ஏத்தின தோள், இப்ப வெட்டு மெசின்காரனுக்குத் தேத்தண்ணி கொண்டு போறதுக்கே இளைக்குது. முப்பது தாண்டினாத் தசை மெல்ல மெல்லக் கழண்டு போகும், அது விட்டுப் போன ஊட்டுல கொழுப்பு வந்து குடியேறும், வாடகையும் குடுக்காது. அறுபதுக்கு மேல இன்னும் அவசரம்.

பொம்புளையள்ட கணக்கு வேற. அவங்களுக்கு அல்லாஹ் இடுப்புலயும் தொடையிலயும் சேமிப்பு வச்சிருக்கான். மாதவிலக்கு நிண்டாத்தான் அதுவும் நம்மளப் போல வகுத்துக்கு வரும். இதை என்ட ஊட்டுக்காரிக்கிட்டச் சொல்லிராதங்க, எனக்கு ராச்சோறு வேணும்.

பேத்தி டொக்டருக்குப் படிக்கிறாள். ஒரு படம் காட்டினாள், 2004ல 'லான்செட்' சஞ்சிகையில வந்ததாம். பூனே டொக்டர் யாக்னிக், பக்கத்துல லண்டன் டொக்டர் யூட்கின். ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. லண்டன்காரர்ட உடம்புல கொழுப்பு 9.1 வீதம், நம்மட பக்கத்து ஆளுக்கு 21.2! பிஎம்ஐ கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதான். இப்படி வித்தியாசம் இரிக்கிறதாலதான் மத்தவனுக்கு 25 எண்டா, ஆசியாக்காரன் 23லயே கவனிக்கணும் எண்டு உலக சுகாதார ஸ்தாபனத்து நிபுணர்மார் அதே வருசம் எழுதினாங்க. உங்களுக்குக் கொழுப்பெண்டு ஊர் இவ்வளவு நாளும் சொன்னது வாயைப் பார்த்து, மருமகன். டொக்டர்மார் வகுத்தைப் பார்த்துச் சொல்றாங்க.

சாரனை நம்பாதங்க, அது எந்த வகுத்துக்கும் இடம் குடுக்கும். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல நாடாவை வச்சு, வகுத்தை எக்காம அளங்க. நம்மட ஆம்பிளைக்கு 90 சென்ரிமீற்றர், பொம்புளைக்கு 80. அதுக்கு மேல போனா சீனி வருத்தம் வாசல்ல குந்தியிரிக்கு எண்டு அர்த்தம். நாடா இல்லாட்டி வாரைப் பாருங்க. சுட்ட ஆணியால புதுசா ரெண்டு ஓட்டை போட்டிரிக்கீங்களே, ஹவுளடியில உளு எடுக்கக்குள்ள கண்டன். மாமியார் ஊட்டுல குடியேறி இன்னும் ஒரு வருசம் ஆகல்ல!

நாளைக்குக் கந்தூரி. என்ட சஹன்லயே குந்துங்க. வாரைத் தளத்தாமத் திண்டு காட்டுங்க பாப்பம். உங்கட பங்கு இறைச்சிக்குக் கவலை வேணாம். கிழவனுக்குத் தசை கரையாம இரிக்க இறைச்சி வேணுமாம், அதையும் பேத்திதான் சொன்னாள்.