சேலையூருக்கு எதுக்குடா கனடாக் குழாய்?

மருமவனே, டொராண்டோவுலேருந்து திரும்புன நாளா பாக்குறேன். சேலையூர்ல கட்டுற வூட்டுல ரூமுக்கு ரூம் தகரக் குழாய் வுட்டு டக்ட் ஏசி போடணும்னு ஒத்தக் கால்ல நிக்கிற. இன்ஜினியர் தம்பியும் தலைய ஆட்டுறாரு. ஆட்டாம இன்னா செய்வாரு, துட்டு உன்னுது.

அங்க எப்படின்னு நீயேதான சொன்ன? வூட்டுக்கு அடியில ஃபர்னஸ்னு ஒரு காஸ் அடுப்பு. அது காத்தச் சூடாக்க, பெரிய ஃபேன் ஒண்ணு குழாய் வழியா எல்லா ரூமுக்கும் தள்ளும். மைனஸ் 20 குளுருல அது இல்லன்னா தண்ணிக் குழாயே உறைஞ்சு வெடிச்சிடும். கோடை வந்தா, இருக்குற குழாய்தானேன்னு அதுலயே ஏசிக் காத்தையும் வுடுறான். அவனுக்குக் கணக்கு சரி. நீ அடுப்ப அங்கயே வுட்டுட்டு குழாய மட்டும் தூக்கியாந்துட்ட! மெட்ராஸ்ல பதிவான குறைஞ்ச குளுரே 13.9 டிகிரி, அதுவும் நூறு வருசத்துக்கு மின்ன. அதுக்கு உங்க அத்தையோட மஃப்ளரே ஜாஸ்தி.

வெயிலு வேற சங்கதி. 2003 மே மாசம் 45 டிகிரி அடிச்ச ஊரு. ஏசியே வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் யோக்கியன் இல்ல. மத்தியானத்துல என் பாய் எந்த ரூம்ல கெடக்கும்னு உனக்கே தெரியும்.

ஆனா ஒண்ணு சொல்லு. உங்க வூட்ல எல்லா ரூம்லயும் ஒரே நேரத்துல ஆளு இருந்தது எப்போ, தீபாவளிக்கா? பகல்ல நீ சிறுசேரி ஆபீஸ்ல. எந்தங்கச்சி அடுப்படியில. மச்சான் வாசல்ல பேப்பரோட. ராத்திரிக்கு ரெண்டே ரூம். ரூமுக்கு ரூம் குழாயத் தனியா மூடித் தொறக்க மோட்டார் வைக்கலன்னா காலி ரூமும் சேந்துதான் குளுரும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டத் தாண்டுனா கரண்ட்டு ரேட்டே வேற. உங்கப்பன் 28ல வைப்பான், உம் பொண்டாட்டி 22ல வைப்பா; சுவத்துல பட்டன் ஒண்ணுதான். பஞ்சாயத்துக்கு என்னத்தான் கூப்புடுவீங்க.

இன்னொண்ணு, நம்ம காத்துல ஈரம் ஜாஸ்தி. ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வேர்க்குதில்ல, குளுந்த குழாயும் அப்படித்தான் வேர்க்கும். மேல சுத்துன இன்சுலேஷன் ஒரு இஞ்சி பிரிஞ்சாப் போதும், சொட்டு எறங்கி ஃபால்ஸ் சீலிங்குல மஞ்ச வட்டம் வுழும், பின்னாடியே பூஞ்சை. பத்தடி ஒசரத்துல ஒரு அடிய அந்த சீலிங் தின்னுடும். கேம்ப் ரோட்டுத் தூசி வேற. ஃபில்டர யாரு கழுவுவா, நீயா? ஃபேன் றெக்கைய எப்போ தொடச்ச?

கீழ கிளினிக், மேல கூட்டுக் குடும்பம், நாள் முழுக்க ஹால்ல சனம்னா போடலாம். அதுவும் தளம் போடுறதுக்கு மின்னயே ஒசரத்த ஏத்தி, குழாயத் தொறந்து பாக்க வழியும் வச்சாத்தான்.

நம்ம தாம்பரத்துக் காத்து அவ்ளோ மட்டமில்லடா. தொறந்த காத்துதான் மருந்துன்னு நம்புன சௌரி முத்து டாக்டரு 1928ல டிபி ஆஸ்பத்திரி கட்டுன ஊரு இது. ரயில்வே ஸ்டேஷனுக்கே சானடோரியம்னு பேரு. நீ கெழக்குப் பக்கத்து ஜன்னல அடைச்சிட்டு காத்துக்குக் குழாய் வைக்கிற!

மொதல்ல மொட்டை மாடியக் கவனி. உன் சூட்டுல பாதி அங்கேருந்துதான் எறங்குது. வெதரிங் கோர்ஸ் ஒழுங்காப் போட்டு மேல வெள்ளை ஓடு பதி. மேக்கால சுவரு மேல வெயில் படாம ஒரு வேம்பு வை. படுக்குற ரெண்டு ரூமுக்கும் தனித்தனியா இன்வர்ட்டர் ஸ்பிளிட் மாட்டு. வெளி யூனிட்டத் தரையில வைக்காத. ஏன்னு கேட்டா, 2015 டிசம்பர் வெள்ளத்துல முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் மாடியேறித் தப்பிச்சவங்க சொல்லுவாங்க.

குழாய் வேணாம்னு இன்ஜினியர்கிட்ட நீ சொல்றியா, இல்ல நான் வந்து சொல்லட்டுமா?