முதல் ரவுண்டு சூரன்

பேராண்டி, சோனல் மீட்டுல நீ ஓடுன 800 மீட்டரை நானும் பார்த்தேன்யா. முதல் 200 மீட்டர்ல உன்னைப் பிடிக்க ஆளே இல்லை. மைக்குல உன் பேரைத்தான் ரெண்டு தடவை சொன்னாங்க. உங்க ஆத்தா எந்திரிச்சு நின்னு கை தட்டுனா. கூடப் படிக்கிற பிள்ளைக செல்போன்ல பிடிச்சதும் அந்த 200 மீட்டரைத்தான். மிச்சம் 600 மீட்டரை என்னத்துக்குத்தான் வச்சிருக்காங்கன்னு எனக்கும் விளங்கலை. அதை மட்டும் எடுத்துட்டா மெடல் உனக்குத்தான்.

கோவிச்சுக்கிடாதே. நான் ஓடுனவன் இல்லை. பள்ளிக்கூட மைதானத்துல சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டவன். கோடு போட்ட கிழவனுக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும்னு நீ முனங்குறதும் கேக்குது. தென்னாப்பிரிக்காவுல ஆன்ஸ் போத்தான்னு ஒரு அம்மா இருக்காக. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல வேட் வான் நீகெர்க்னு ஒருத்தன் 400 மீட்டரை 43.03 வினாடியில ஓடி, மைக்கேல் ஜான்சன் 1999-ல வச்ச 43.18-ஐ உடைச்சானே, அவனுக்கு அப்போ கோச் அந்த அம்மாதான். அப்போ அவுகளுக்கு 74 வயசு, கொள்ளுப்பேரன் எடுத்தவுக. அவன் ஓடுனது வெளிக்கோடி எட்டாவது லேன். முன்னால எவன் போறான், எவன் வாரான்னு கண்ணுல படாத இடம். பாட்டி சொன்னதை நம்பி ஓடுனான். நீ தாத்தா சொல்றதைக் கொஞ்சம் காதுல போட்டுக்கிட்டா ஒண்ணும் தேய்ஞ்சு போயிராது.

உன் பக்கம் சாமான்ல குறையே இல்லை. ஸ்பைக்ஸ் புதுசு. கையில கட்டுன வாட்சு இதயத்துடிப்பைச் சொல்லுது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் நீ தூங்காம செல்போன் நோண்டுனதையும் அதுவே சொல்லுதாமே. வீட்டுல உண்மை பேசுறது அது ஒண்ணுதான் போல. மதுரைக்குப் பக்கத்துல சக்கிமங்கலத்து ரேவதி, பாட்டி வளர்த்த பிள்ளை, ஸ்பைக்ஸ் வாங்க வழியில்லாம வெறுங்காலோட ஓடிப் பழகுனவ. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் கலப்பு ரிலேயில நாட்டுக்காக ஓடிட்டு வந்தா. உடனே ஸ்பைக்ஸைக் கழட்டி வீசிராதே. கிடைச்சதுக்கப்புறம் அவளும் போட்டுத்தான் ஓடுனா. ஸ்பைக்ஸ் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை. அதுக்குள்ள நிக்கிற ஆளைப் பத்தித்தான் பேச்சு.

உன் முதல் ரவுண்டு 58 வினாடி, ரெண்டாவது 77. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல கென்யாக்காரன் டேவிட் ருடிஷா 1 நிமிஷம் 40.91 வினாடியில உலக சாதனை வச்சான். அவனும் யாருக்குப் பின்னாலயும் ஒளியலை, உன்னை மாதிரியே முன்னால முன்னாலதான் ஓடுனான். சந்தோஷப்படாதே, மிச்சத்தையும் கேளு. அவன் முதல் ரவுண்டு 49.28, ரெண்டாவது 51.63. வித்தியாசம் ரெண்டரை வினாடிகூட இல்லை. உனக்கு 19. நடுவுல எங்கேயும் டீக்கடை இருக்கான்னு பக்கத்துல உக்கார்ந்திருந்தவர் என்கிட்டக் கேட்டாரு.

அந்த 200 மீட்டர்ல நீ வாங்குனது கந்துவட்டிக் கடன்யா. வாங்கும்போது கை நிறைய இருக்கும். மூச்சுல வர்ற காத்து போதாதப்போ, காத்தே இல்லாமலும் தசை சக்தி எடுக்கும், வேகமா எடுக்கும். அப்படி எடுக்க எடுக்க தசைக்குள்ள அமிலத்தன்மை ஏறும். அது ஏறுனா நீ சொல்ற பேச்சைக் கால் கேட்காது. கடன் குடுத்தவன் 600-வது மீட்டர்ல குறுக்க நிப்பான். அசலோட விட மாட்டான், வட்டியையும் எண்ணி வாங்கிட்டுத்தான் விடுவான். நீ தலையைப் பின்னால சாய்ச்சு, கையை வீசி வீசி, இருந்த இடத்துலயே ஓடுனியே, அதுதான் வட்டி கட்டுன இடம். 800 மீட்டர்ல செலவாகுற சக்தியில பாதிக்கு மேல மூச்சுக் காத்துல இருந்து வர்றது. அந்தப் பாதியை வளர்க்காம மிச்சத்தை மட்டும் வச்சு நீ ஓடுறே.

நம்ம நாட்டுல ஸ்ரீராம் சிங்னு ஒரு ராணுவக்காரர். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் 800 மீட்டர் இறுதிப் போட்டியில முதல் ரவுண்டு முடியுறப்போ அவர்தான் முன்னால. பெறவு கியூபாக்காரன் ஆல்பர்ட்டோ ஹுவான்டொரினா 1:43.50-ல உலக சாதனையோட தங்கம் வாங்கிட்டுப் போனான். ஸ்ரீராம் சிங் ஏழாவது. 'பார்த்தியா தாத்தா, அவரும் என் கட்சி'ன்னு குதிக்காதே. அந்த ஏழாவது இடத்து ஓட்டம் 1:45.77. அதைத் தாண்ட இந்தியாவுல 42 வருஷம் ஒருத்தன் வரலை. 2018-ல கேரளத்து ஜின்சன் ஜான்சன் வந்துதான் 1:45.65 ஓடுனான். ஸ்ரீராம் சிங் முன்னால போனப்போ காலுல சரக்கு இருந்துச்சு. நீ முன்னால போனது செல்போன் எந்தப் பக்கம் பிடிக்கிறாங்கன்னு பார்த்துக்கிட்டு.

இன்னொண்ணு, இது என் தொழில், இதுல என்னை மறுத்துப் பேசாதே. லேன் அகலம் 1.22 மீட்டர். ஒரு ரவுண்டு முழுக்க ரெண்டாவது லேன்ல ஓடுனா ஏழு மீட்டர் கூடுதல். அதனாலதான் 400-க்கு ஒவ்வொரு லேனுக்கும் கோட்டை முன்னால தள்ளிப் போடுவோம். 800-ல முதல் வளைவு தாண்டுனதும் எல்லாரும் உள்ளே வந்துரலாம். நீ வளைவுக்கு வளைவு வெளியே போயி ஆளை முந்துனே. பத்துப் பன்னிரண்டு மீட்டரைத் தர்மமா ஓடிக் குடுத்திருப்பே. இந்தக் காலத்துல யாருக்கு அந்த மனசு வரும்?

தினம் சாயங்காலம் நீ பண்ற பயிற்சியையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். வந்ததும் ஒரு 400, முழு வேகம். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம். இன்னொரு 400, அதுவும் முழு வேகம். வாந்தி எடுத்தாத்தான் பயிற்சின்னு எவனோ சொல்லி வச்சிருக்கான். மெதுவா ஓடுன்னா, அது கிழவங்க வாக்கிங்ங்கிறே. நியூசிலாந்துல ஆர்தர் லிடியார்டுன்னு ஒருத்தர், செருப்புத் தொழிற்சாலையில வேலை பார்த்தவர். தன் உடம்பை வச்சே சோதிச்சுப் பார்த்து ஒரு முறையை உண்டாக்குனாரு: 800 ஓடுறவனும் முதல்ல மாரத்தான்காரன் கணக்கா வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடணும். ஞாயித்துக்கிழமையானா மலை மேட்டுல 35 கிலோமீட்டர். பீட்டர் ஸ்னெல்னு ஒரு பையன் அப்படி ஓடுனான். 1960 ரோம்ல 800-க்குத் தங்கம். 1964 டோக்கியோவுல 800, 1500 ரெண்டுக்கும் தங்கம். பயந்துராதே, பத்தாப்புப் படிக்கிறவனுக்கு 160 ஆகாது. வாரத்துல மூணு நாள், கூட வர்றவன்கிட்டப் பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல ஓடு. இதயம் ஒரு துடிப்புல தள்ளுற ரத்தம் கூடும், தசைக்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய் புதுசாக் கிளைக்கும். பேசிக்கிட்டே ஓடுறதுல உனக்கு என்ன கஷ்டம், பேச்சுக்குத்தான் குறைவே இல்லையே.

ருடிஷாவோட கோச் யாருன்னு நினைக்கிறே? கொல்ம் ஓகானல்னு அயர்லாந்துத் துறவி. 1976-ல கென்யாவுல ஈட்டன்ங்கிற ஊருப் பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் சொல்லிக் குடுக்க வந்தவர். ஓட்டத்துல ஒரு படிப்பும் படிச்சவர் இல்லை. பிள்ளைக ஓடுறதைப் பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டாரு. அந்த ஊரு 2,400 மீட்டர் உசரத்துல இருக்கு. நம்ம கொடைக்கானலே அம்புட்டு உசரம் இல்லை. இருந்தாலும் உங்கப்பன் பஸ்ஸுக்குக் காசு குடுக்க மாட்டான், அந்த யோசனையை விடு.

உன் தங்கச்சிக்கும் ஒண்ணு சொல்லு. 100 மீட்டர்ல கடைசி 20 மீட்டருக்கு வேகத்தை ஏத்துறேன்னு பல்லைக் கடிக்கிறா. 2009-ல பெர்லின்ல உசேன் போல்ட் 9.58 ஓடுனப்போ அவன் உச்ச வேகம் 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் நடுவுலதான், மணிக்கு 44 கிலோமீட்டருக்கு மேல. அதுக்கப்புறம் அவனுக்கும் இறங்குமுகம்தான். மத்தவங்க அவனை விடச் சீக்கிரம் இறங்குறாங்க, அதனால அவன் பறக்கிறதாத் தெரியுது. பல்லைக் கடிச்சு, தோளை இறுக்குனா வேகம் இன்னும் சீக்கிரம் விழும். வாய் தொங்குனாலும் தொங்கட்டும். அங்கே படம் பிடிக்கிறவன் கல்யாண வீட்டுக்காரன் இல்லை. கிளம்புறதுலயும் அவளுக்கு அவசரம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.100 வினாடிக்குள்ள கிளம்புனாலே தப்பாட்டம். 2011 தேகு உலகப் போட்டி இறுதியில சத்தத்துக்கு முந்தியே கிளம்புனதுக்குப் போல்ட்டையே வெளியே நிறுத்திட்டாங்க. பெர்லின்ல அவன் கிளம்ப எடுத்தது 0.146. அசஃபா பவல், டைசன் கே ரெண்டு பேரும் அவனுக்கு முந்தியே கிளம்புனாங்க. போய்ச் சேர்ந்தது அவனுக்குப் பின்னாடி. 60 மீட்டர் முழு வேகத்துல ஓடிட்டு அவ அஞ்சு நிமிஷம் உக்கார்ந்தா, சோம்பேறின்னு திட்டாதே. வேகத்துக்கு ஓடுறவளுக்கு அந்த உக்கார்றதும் பயிற்சிதான்.

கோட்டைத் தொடுறதுக்கு முந்தியே கையைத் தூக்குற பழக்கம் எங்க கத்துக்கிட்டே? 1984 லாஸ் ஏஞ்சல்ஸ்ல பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42-ல முடிச்சாக. ருமேனியாக்காரி 55.41. ஒரு வினாடியில நூத்துல ஒரு பங்குல வெண்கலம் போச்சு. கோட்டுல கணக்கு உடம்புக்குத்தான். தலைக்கும் கைக்கும் கிடையாது. நெஞ்சைக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் எந்தக் கையை வேணும்னாலும் தூக்கு.

பஸ் ஸ்டாண்டு ஜிம்முக்காரன் குடுத்த பவுடர் டப்பாவை அலமாரியில பார்த்தேன். அதுல என்ன கலந்திருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. ஊக்கமருந்து சோதனையில ஏதாவது சிக்குனா, தெரியாமத் தின்னேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. உடம்புல இருக்கிறதுக்கு ஓடுறவன்தான் பொறுப்புன்னு விதியே இருக்கு. வருஷக்கணக்குல தடை போடுவாங்க. உங்க ஆத்தா வைக்கிற பயறும் முட்டையும் போதும். டப்பாவை நான் எடுத்துக் குப்பையில போட்டாச்சு, தேடாதே.

மாவட்டப் போட்டிக்கு முதல் ரவுண்டை 64-ல போ, ரெண்டாவதை 66-ல வா. கூட்டிப் பாரு: 2 நிமிஷம் 10 வினாடி. சோனல்ல நீ ஓடுனதை விட அஞ்சு வினாடி குறைவு.